அளவறிந்த ஓட்டம்

ஓட்டம் என்பது இளமைக்கே உரிய செயல் என்னும் எண்ணம் நம்மவரிடையே நெடுங்காலமாக வேரூன்றி நிற்கின்றது. இல்ல விளையாட்டுப் போட்டியன்று மைதானத்தில் ஓடுகின்ற சிறுவனைக் கைதட்டி ஊக்குவிக்கும் அதே சமூகம், நரைத்த தலையினர் ஒருவர் வீதியோரமாக ஓடிச் செல்லக் கண்டால், பஸ்ஸைத் தவறவிட்டாரோ என்று இரங்குகின்றது. அன்றேல், இந்த வயதில் இது எதற்கு என்று நகைக்கின்றது. நடை முதியோருக்கு, ஓட்டம் இளையோருக்கு என எவரோ எல்லைக்கல் நாட்டிவைத்தாற் போன்ற நிலை இது. அந்த எல்லைக்கல்லைத் தாண்டி ஓடுகின்ற முதியோரும் உளர். அவர்கள் இழந்த இளமையைத் துரத்துகின்றார்கள் என்று பார்ப்போர் எண்ணுவது இயல்பே. ஆயினும் அத்தகைய ஒருவரின் ஞாயிற்றுக்கிழமைக் காலையைக் கூர்ந்து நோக்குமிடத்து, அங்கே நடைபெறுவது வேறொன்று என்பது புலனாகும். விரைவாக ஓடப் பழகுவதிலும் மெதுவாக ஓடப் பழகுவது கடினம். அக்கடினமான பாடத்தையே அவர் வாரந்தோறும் படிக்கின்றார்.

வெள்ளவத்தையில் வாழும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் அவர். வயது 72. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பேராதனை வளாகம் என்று அப்பெருநிலையம் வழங்கப்பட்ட 1973 ஆம் ஆண்டில் அங்கு மாணவராகப் புகுந்தவர். கலகா வீதியின் மரநிழலிலும் மகாவலியின் கரையோரத்திலும் கன்வஸ் சப்பாத்துடன் ஓடிய கால்கள் அவருடையவை. சரசவி உயன புகையிரதத் தரிப்பிடத்தைக் கடந்து ஹந்தானை மலைப்பக்கமாக ஏறும்போது மூச்சு வாங்கும் எனினும், மறுநாளும் அதே ஏற்றத்தை நாடும் வயது அது. பட்டம் பெற்றார், ஆசிரியரானார், மணம் புரிந்தார். மாணவருடைய பயிற்சிக் கொப்பிகளும் குடும்பப் பொறுப்புகளும் நாட்டின் நிலைமையும் சேர்ந்து அவரை ஏறத்தாழக் கால் நூற்றாண்டு ஓடாமல் வைத்தன. 2004 ஆம் ஆண்டில், தமது 51 ஆவது வயதில், இரத்த அழுத்தம் சற்று உயர்ந்திருப்பதாக வைத்தியர் கூறியதன் பின்னரே அவர் மீண்டும் சப்பாத்துக் கயிற்றைக் கட்டினார்.

"இஞ்சாருங்கோ, இந்த வயசிலை ஓடி ஆரை வெல்லப்போறியள்?" என்று மனைவியார் அன்று கேட்ட கேள்விக்கு அவர் உடனே விடை கூறவில்லை. அவ்வினா அவரைத் தொடர்ந்து ஓடிவந்தது எனலாம். விடை கிடைக்கப் பல ஆண்டுகள் சென்றன.

அவர் ஓடுகின்ற இடம் கொழும்பு விகாரமகாதேவி பூங்கா. முதியோர் பலரின் நாவில் அது இன்றும் 'விக்டோரியாப் பார்க்' தான். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் படையினரின் கைக்குச் சென்று, பின்னர் 1951 ஆம் ஆண்டில் மக்களுக்கு மீண்டும் திறந்துவிடப்பட்ட பூங்கா அது. ஒருபுறம் 1928 ஆம் ஆண்டில் எழுந்த நகர மண்டபத்தின் வெண்ணிறக் குவிமாடம்; அதனை நோக்கியவாறு பூங்காவின் முகப்பில் அமர்ந்த நிலையில் பெரியதொரு புத்தர் சிலை; மறுபுறம் 1877 இல் திறக்கப்பட்ட நூதனசாலை; அருகே மாநகரசபையின் பொது நூலகம். பூங்காவின் ஓரமாகச் செல்லும் வீதி கலாயோகி ஆனந்த குமாரசுவாமியின் பெயரைத் தாங்கியது. அவ்வீதியின் நடைபாதையில் ஓவியர்கள் தம் படங்களை வரிசையாகச் சாத்திவைத்து விற்பனை செய்வர். கடற்கரை அண்மையிலேயே இருக்க, இவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்து ஓடுவானேன் என்று கேட்போர் உண்டு. நிழல் ஒரு காரணம். வாகனப் புகையின்மை மற்றொரு காரணம். மூன்றாவது காரணம் அங்கேயுள்ள ஓர் இருக்கை. அதனைப் பற்றிப் பின்னர் காண்போம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பூங்கா ஒரு திருவிழா மைதானத்தை ஒத்தது. உடற்பயிற்சிக்கென வந்தோர் வட்டமாக நின்று கைகளை உயர்த்தித் தாழ்த்துவர். வெள்ளையுடை அணிந்த சிறுவர் அறநெறிப் பாடசாலைக்குச் செல்லும் வழியில் ஊஞ்சலை ஒருமுறை தொட்டுச் செல்வர். மணக்கோலத்தில் வந்த தம்பதியரை மரத்தின் வேரருகே நிறுத்திப் படம் பிடிப்பர். குடைகளின் கீழே காதலர் அமர்ந்திருப்பர். பலூன்காரர், கச்சான் விற்பவர், முதற் சைக்கிளோடு தடுமாறும் குழந்தை, அதன் பின்னே குனிந்தவாறே ஓடும் தகப்பன் என வழியெங்கும் மனிதர். ஓட்டப் பயிற்சிக்கு இதனினும் பொருத்தமற்ற நேரம் இல்லையெனலாம். இருள் பிரியாத வேளையிலே வந்தால் பூங்கா முழுவதும் அவருக்கே சொந்தமாகியிருக்கும். ஆனால் கண்ணில் வில்லை மாற்றும் சத்திரசிகிச்சை நடந்ததிலிருந்து மங்கிய ஒளியில் மர வேர்களும் நடைபாதையின் மேடு பள்ளங்களும் அவருக்குத் தெளிவாகப் புலப்படுவதில்லை. "அப்பா, இருட்டோடை ஓடாதேங்கோ, நல்லா வெளிச்சம் வந்தாப் பிறகு போங்கோ" என்ற மகளின் வேண்டுகோளை அவர் ஏற்றுக்கொண்டார். வெளிச்சத்தோடு சனக்கூட்டமும் சேர்ந்தே வந்தது.

அவருடைய பயிற்சி எழுபது நிமிடங்கள் கொண்டது. எத்தனை சுற்று, எத்தனை கிலோமீற்றர் என்று அவர் எண்ணுவதில்லை. வாழ்நாள் முழுவதும் எண்களோடு பழகிய ஒருவர் தூரத்தை எண்ணாது விடுவது வியப்பாகத் தோன்றலாம். அதற்கு அவர் கூறும் நியாயம் எளியது: தூரத்தை எண்ணினால் மனம் சென்ற வாரத்தோடு போட்டியிடும், போட்டியிட்டால் கால் விரையும், கால் விரைந்தால் பயிற்சி கெடும். நேரமோ எவருக்கும் ஒரே வேகத்தில் நகர்வது. அதனை முந்திச்செல்ல முடியாது. முதற் பத்து நிமிடங்கள் நடை, அடுத்த ஐம்பது நிமிடங்கள் மெதுவான ஓட்டம், இறுதிப் பத்து நிமிடங்கள் மீண்டும் நடை என்பதே அவரது நேரசூசி. இளமையில் முதல் அடியே ஓட்டமாயிருந்தது. இன்றோ மூட்டுகளும் தசைநார்களும் சூடேறி இளகுவதற்குக் காலம் வேண்டியிருக்கின்றது.

ஓட்டத்தின்போது உடலினுள்ளே நிகழ்வனவற்றை ஆசிரியர் ஒரு பாடம் போலவே கற்றறிந்துள்ளார். ஓடுகையில் நிலத்தை மிதிக்கும் ஒவ்வோர் அடியிலும் உடல் நிறையின் இரண்டு முதல் மூன்று மடங்கு வரையிலான விசை காலின்மீது திரும்பித் தாக்குகின்றது. நிமிடத்துக்கு 160 அடிகள் என்று கொண்டால், ஐம்பது நிமிட ஓட்டத்தில் 8000 அடிகள். 60 கிலோகிராம் எடையுள்ள அவரது கால்கள் ஒரு காலைப்பொழுதில் தாங்கும் சுமையின் கூட்டுத்தொகையைக் கணித்துப் பார்த்து அவரே ஒருமுறை திகைத்ததுண்டு. வயது ஏற ஏற ஓட்டம் மந்தமாவதற்குப் பிரதான காரணம் அடிகளின் எண்ணிக்கை குறைவதன்று. ஒவ்வோர் அடியின் நீளம் குறுகுவதேயாகும். கெண்டைக்கால் தசை முன்போல உந்தித் தள்ளுவதில்லை. ஆதலின் அவர் நீண்ட அடி வைக்க முயல்வதை விடுத்துக் குறுகிய அடிகளை ஒரே சீராக வைக்கப் பழகிக்கொண்டார். கொழும்பின் காற்றோ ஆண்டு முழுவதும் ஈரம் நிறைந்தது. வியர்வை ஆவியாக மறுத்து உடலிலேயே தங்கும்போது உடலின் வெப்பமும் தங்கிவிடுகின்றது. தாகம் என்னும் எச்சரிக்கை மணியும் முதுமையில் பிந்தியே ஒலிக்கின்றது. எனவே தாகம் எடுக்கும்வரை காத்திராது, மணிக்கூட்டைப் பார்த்தே அவர் தண்ணீர் அருந்துகின்றார்.

இவை யாவற்றிலும் அவருக்குச் சுவையளித்தது இதயத் துடிப்பின் கணக்கு. ஒருவருடைய உச்ச இதயத் துடிப்பை அறிய 220 இலிருந்து வயதைக் கழிக்கும் முறை 1970 களின் தொடக்கத்திலிருந்து வழங்கிவருகின்றது. அதன்படி அவரது உச்சத் துடிப்பு நிமிடத்துக்கு 148. 2001 ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் சிலர் அம்முறையை மீளாய்வு செய்து, வயதை 0.7 ஆற் பெருக்கி 208 இலிருந்து கழிப்பதே முதியோர்க்குப் பொருந்தும் என்றனர். அதன்படி அவரது உச்சத் துடிப்பு ஏறத்தாழ 158. ஒரே மனிதர், ஒரே இதயம், இரு விடைகள்! இரண்டுமே பலருடைய சராசரியிலிருந்து பெறப்பட்டவை. தனியொருவரின் இதயம் சராசரிக்குக் கட்டுப்பட்டது அன்று என்பதைக் கணித ஆசிரியருக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. ஆகவே அவர் சூத்திரங்களை மதித்து ஒருபுறம் வைத்துவிட்டு, ஓட்டக்காரர் பலர் அறிந்த பழைய சோதனையொன்றைக் கைக்கொண்டார். ஓடும்போது ஒரு முழு வசனத்தை மூச்சுத் தடையின்றிச் சொல்ல முடியுமாயின் வேகம் அளவானது. சொற்கள் துண்டு துண்டாக வெளிப்படுமாயின் வேகம் மிகையானது என்பதே அச்சோதனை.

வசனம் சொல்வதற்கு ஒரு செவி வேண்டும். அந்தச் செவிக்குரியவர் அமர்ந்திருக்கும் இடமே மேலே குறித்த இருக்கை. அவர் ஓய்வுபெற்ற சிங்களப் புகையிரத நிலைய அதிபர். ஆசிரியரிலும் நான்கு வயது மூத்தவர். யாழ்ப்பாணத்துக்கான புகையிரத சேவை 1990 இல் நின்றுபோவதற்கு முன்னர் வடபகுதி நிலையங்களிற் கடமையாற்றி, அங்கேயே தமிழ் பழகியவர். ஆதலின் அவர் பேசும் தமிழில் யாழ்ப்பாணத்து ஓசை இன்றும் மாறாதிருக்கின்றது. 2005 ஆம் ஆண்டில் இதே பூங்காவில் அருகருகே ஓட நேர்ந்தபோது, மூச்சு வாங்கியபடி ஆசிரியர் தமக்குத்தாமே முணுமுணுத்த தமிழ்ச் சொல்லொன்றைக் கேட்டு அவர் தமிழிலேயே மறுமொழி கூறினார். அன்று தொடங்கியது நட்பு.

அக்காலம் எளிய காலமன்று. 2006 இலிருந்து 2009 வரையிலான ஆண்டுகளில் கொழும்பின் சந்திகள்தோறும் சோதனைச் சாவடிகள் இருந்தன. காலை வேளையில் ஒரு தமிழர் ஓடிச்செல்வதென்பது வினாவுக்குரிய செயலாயிற்று. நடப்பவன் எங்கே போகின்றான் என்று கேட்பார்கள். ஓடுபவனையோ ஏன் ஓடுகின்றான் என்றும் கேட்பார்கள். ஆசிரியர் தேசிய அடையாள அட்டையைச் சிறிய பொலித்தீன் பையிலிட்டுக் காற்சட்டைப் பையில் வைத்துக்கொண்டே ஓடினார். நண்பர் அதுபற்றி ஒரு சொல்லும் கூறியதில்லை. ஆனால் அந்த ஆண்டுகளில் அவர் ஒரு ஞாயிறையேனும் தவறவிடவில்லை. பூங்காவின் வெளிவீதியில் ஓடுகையில் எப்பொழுதும் வீதிப்பக்கமாகவே ஓடினார். 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் சென்றடைந்தது. அடுத்த விடுமுறையிலேயே இருவரும் அதிற் பயணஞ் செய்தனர். ஒவ்வொரு நிலையத்தின் பெயரையும் வண்டி சேருமுன்னரே நண்பர் சொல்லிக்கொண்டு வந்தாராம்.

அடையாள அட்டை இன்றும் ஆசிரியரின் காற்சட்டைப் பையில் இருக்கின்றது. அதனோடு மகளின் தொலைபேசி எண் எழுதிய துண்டொன்றும் சேர்ந்துள்ளது. எங்கேனும் விழுந்துவிட்டால் இன்னார் என்று பிறர் அறியவேண்டுமல்லவா? அட்டை மாறவில்லை, அதனைச் சுமக்கச் செய்யும் அச்சம் மாறியிருக்கின்றது. முன்னைய அச்சத்தைப் பிறர் தந்தனர். இப்போதைய அச்சத்தை உடல் தருகின்றது. இரண்டில் எது இலகுவானது என்று கேட்டால் அவர் சிரிப்பார்.

நண்பரின் முழங்கால் மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் ஓட்டத்தை மறுத்துவிட்டது. ஆயினும் அவர் பூங்காவுக்கு வருவதை நிறுத்தவில்லை. ஓடுபாதை ஓரத்து இருக்கையில் அமர்ந்து, ஆசிரியர் கடக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வியைத் தொடுப்பார். ஆசிரியர் ஓடியவாறே முழு வசனத்தில் விடை தருவார். "வீட்டிலை எல்லாரும் சுகமோ, மாஸ்டர்?" என்பது ஒரு சுற்று. "அரிசி என்ன விலை?" என்பது அடுத்த சுற்று. பார்ப்போருக்கு இது வெறும் முகமன். அவ்விருவருக்கோ இஃது ஒரு கருவி. வைத்தியர் மார்பில் வைக்கும் குழாயைப் போன்றது.

ஒரு ஞாயிறன்று இக்கருவி தன் பணியைச் செவ்வனே செய்தது. இளைஞர் ஐவர் ஒரு குழுவாக ஓடிவந்தனர். அவர்களுள் ஒருவர் ஆசிரியரை முந்துகையில், மரியாதையோடுதான், "மெதுவாகப் பாருங்கள், அங்கிள்" என்று கூறிச்சென்றார். அச்சொல்லில் குற்றமில்லை. எனினும் கலகா வீதியில் ஓடிய இருபது வயது மாணவன் அந்த 72 வயது உடலுக்குள்ளே எங்கோ திடுக்கிட்டு விழித்தெழுந்தான். அடிகள் நீண்டன. அரைச் சுற்று வரையில் இளைஞரின் முதுகுக்கு இரண்டு பாகம் பின்னே ஓடினார். காற்று இனித்தது, கால்கள் தம் பழைய வீட்டுக்குத் திரும்பியவை போன்று மகிழ்ந்தன. இருக்கையைக் கடக்கும்போது வழமையான கேள்வி வந்தது. விடை, "நல்லாய்..." என்ற அளவில் நின்றுவிட்டது.

"மாஸ்டர், வசனம் முடியேல்லை" என்றார் நண்பர்.

ஆசிரியர் நடைக்கு இறங்கினார். அவரால் மேலும் அரைச் சுற்று ஓடியிருக்க இயலும். இயலும் என்பதே இடர். இளமையில் உடல் தன்னால் இயன்றதைச் செய்துவிட்டு மறுநாள் மறந்துவிடும். முதுமையிலோ அது ஒவ்வொன்றையும் கணக்கில் வைத்து, வட்டியோடு திருப்பிக் கேட்கின்றது. கெண்டைக்காலில் ஒரு கிழிவு ஏற்பட்டால் இருபது வயதில் ஆறுவதற்கு எடுக்கும் காலத்தைவிட இப்போது நெடுங்காலம் வேண்டும். அவ்வளவு காலமும் ஓடாதிருந்தால் தேய்ந்த தசையைத் திரும்பப் பெறுவது அதனினும் அரிது. அன்று அவரை மறித்தது சோர்வன்று. முடியாத ஒரு வசனம்.

இவ்வாறு மெதுவாக ஓடுவது தோல்வியின் மறுபெயரோ என்று ஐயுறுவோர்க்குக் கனடாவில் வாழ்ந்த எட் விற்லொக் என்பவரின் வாழ்க்கை தக்க விடையாகும். 1931 இல் இலண்டனிற் பிறந்த அவர் ஒரு பொறியியலாளர். இளமையில் ஓடி, பின்னர் கைவிட்டு, நடுவயதில் மீண்டும் தொடங்கியவர். வீட்டுக்கு அண்மையிலுள்ள இடுகாட்டின் சிறிய பாதையையே நாள்தோறும் மணிக்கணக்காகச் சுற்றிச்சுற்றி மெல்லென ஓடுவது அவரது பயிற்சி. 2003 ஆம் ஆண்டில், 72 வயதில், மரதன் தூரமான 42.195 கிலோமீற்றரை 2 மணி 59 நிமிடம் 10 செக்கனில் ஓடி முடித்தார். எழுபது வயதைக் கடந்த ஒருவர் மூன்று மணி நேரத்துக்குள் அத்தூரத்தை ஓடியது அதுவே முதல் தடவை. 2016 இல், 85 வயதில், நான்கு மணி நேரத்துக்குட்பட்டு அதே தூரத்தை மீண்டும் கடந்தார், மறுவருடம் காலமானார். நம் நாட்டிலும் எடுத்துக்காட்டு இல்லாமலில்லை. முல்லைத்தீவு மாவட்டத்தைச் சேர்ந்த, எழுபது வயதைக் கடந்த அகிலத்திருநாயகி என்னும் பெண்மணி 2023 இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் நடைபெற்ற மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் விரைவு நடையிலும் தங்கப் பதக்கம் வென்று திரும்பினார். அப்பத்திரிகைச் செய்தியை ஆசிரியர் வெட்டியெடுத்து நண்பரிடம் காட்டினார். முல்லைத்தீவின் மணலையும் வெயிலையும் அறிந்தவர்களுக்கு அந்தப் பதக்கங்களின் எடை விளங்கும்.

ஓட்டம் முழங்காலைத் தின்றுவிடும் என்ற அச்சமும் நம்மவரிடம் உண்டு. நண்பரின் முழங்காலைச் சுட்டிக்காட்டி ஆசிரியரின் மனைவியாரும் அவ்வாறு வாதிட்டதுண்டு. ஆனால் நண்பரின் முழங்கால் அவரது நிலைய அதிபர் வாழ்க்கையில் ஒரு விபத்தினால் ஊறுபட்டது, ஓட்டத்தினால் அன்று. அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தினர் 1984 இல் தொடங்கி ஐம்பது வயதைக் கடந்த ஓட்டக்காரரையும் ஓடாதவரையும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்தனர். 2008 இல் வெளியான முடிவின்படி, பத்தொன்பது ஆண்டுகளின் பின் ஓடாதவருள் 34 வீதத்தினர் இறந்திருக்க, ஓடியவருள் இறந்தோர் 15 வீதத்தினரே. அன்றாடக் கருமங்களைத் தாமே செய்யும் ஆற்றலும் ஓடியவரிடம் நெடுங்காலம் நிலைத்தது. எனினும் கணித ஆசிரியர் இதனை மனைவியாருக்கு வாசித்துக் காட்டியபோது ஓர் எச்சரிக்கையையும் சேர்த்தே சொன்னார்: ஓட முன்வருவோர் முதலிலேயே ஓரளவு உடல்நலம் உள்ளவராக இருத்தல் கூடும், ஆகவே வேறுபாடு முழுவதையும் ஓட்டத்தின் கணக்கில் வரவு வைத்தல் நேர்மையாகாது. தமக்குச் சாதகமான கணக்கிலும் பிழை தேடும் கணவரைக் கண்ட பிறகே மனைவியார் அவரது ஓட்டத்தை நம்பத் தொடங்கினார்.

சனம் நிறைந்த பூங்காவில் ஓடுதற்கெனச் சில ஒழுக்கங்கள் உள. ஆசிரியர் எப்போதும் இடப்புறமாகவே ஓடுவார். பின்னாலிருந்து எவரையும் திடுக்கிடச் செய்யமாட்டார். நான்கு அடிகளுக்கு முன்னரே "பொட்டக்" என்று சிங்களத்தில் மெல்லச் சொல்லி வழி கேட்பார். குழந்தை எதிர்ப்பட்டால் வேகத்தைக் குறைப்பார். ஏனெனில் குழந்தை எந்தப் பக்கம் திரும்பும் என்பதைக் கணிக்கும் சூத்திரம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. படப்பிடிப்பு நடைபெறும் இடத்தில் நின்றே விடுவார். தொடக்கத்தில் இத்தகைய தடைகள் ஒவ்வொன்றும் அவருக்குச் சினத்தைத் தந்தன. ஓட்டத்தின் ஒழுங்கு குலைகின்றதே என்று மனம் குமைவார். பின்னர் அவருக்கு ஒன்று தெளிவாயிற்று. வெறுமையான பாதை அவரை விரையச் செய்யும். சனத்திரளோ அவரது வேகத்துக்குக் கடிவாளமிடும். வைத்தியர் வாயினாற் சொன்னதைப் பலூன்காரர் நடைபாதையின் நடுவே நின்று செய்விக்கின்றார்.

சென்ற ஆண்டில் நண்பருக்கு முழங்கால் மாற்றும் சத்திரசிகிச்சை நடைபெற்றது. அந்த ஞாயிறு இருக்கை வெறுமையாயிருந்தது. ஆசிரியர் வழமைபோலவே நடந்து, வழமைபோலவே ஓடத் தொடங்கினார். ஆனால் இரண்டாம் சுற்றில் அந்த வெறுமையைக் கடக்கையில் கால்கள் தாமாகவே விரைந்தன. அஞ்சியதிலிருந்து விலகியோடுவது கால்களின் இயல்பு. எழுபத்தாறு வயதில் ஒருவர் சத்திரசிகிச்சைக் கட்டிலில் கிடப்பதும், அடுத்த இருக்கை யாருடையது என்ற எண்ணமும் அவர் பின்னே ஓடிவந்தன. மூன்றாம் சுற்றில், வாயிலருகே கச்சான் விற்கும் பெண்மணி கையை உயர்த்தி அவரை மறித்தாள். "யாலுவா கோ?" என்றாள். நண்பர் எங்கே என்பது கேள்வி. அவர் ஓடியவாறே விடை கூற முயன்றார். மூச்சு இடம் தரவில்லை. வேகத்தைக் குறைத்தார். ஆழ மூச்செடுத்துத் தமக்குத் தெரிந்த சிங்களத்தில், நண்பர் வைத்தியசாலையில் இருக்கின்றார், நலமாயிருக்கின்றார், அடுத்த மாதம் வருவார் என்று ஒரே வசனமாகச் சொல்லி முடித்தார். அவள் தலையசைத்தாள். அடுத்த சுற்றிலும் அவள் ஏதோ கேட்டாள். அதற்கடுத்த சுற்றிலும் கேட்டாள். இருபது ஆண்டுகளாகத் தாம் சனத்துக்கிடையே ஓடுவதாகவே எண்ணியிருந்தவர், அச்சனம் தம்மைப் பார்த்துக்கொண்டும் இருந்தது என்பதை அன்று அறிந்தார். அன்று எழுபது நிமிடங்களையும் நிறைவு செய்யாது, நாற்பதாவது நிமிடத்திலேயே ஓட்டத்தை நிறுத்தி, கச்சான் பொட்டலம் ஒன்றை வாங்கிக்கொண்டு வைத்தியசாலைக்குப் பஸ் ஏறினார்.

நண்பர் இரண்டு மாதங்களின் பின்னர் கைத்தடியோடு வந்தார். இப்போது ஆசிரியரின் நேரசூசி சிறிது மாறியிருக்கின்றது. நடை இருபது நிமிடங்கள், ஓட்டம் நாற்பது நிமிடங்கள், இறுதி நடை பத்து நிமிடங்கள். முதல் நடை நண்பரின் கைத்தடியின் வேகத்தில் அமைகின்றது. அதன்பின் ஒருவர் இருக்கையில் அமர, மற்றவர் ஓடுகின்றார். கேள்வியும் விடையும் சுற்றுக்கொன்றாகத் தொடர்கின்றன. ஓட்டத்தில் பத்து நிமிடம் குறைந்துபோனதே என்று மகள் வருந்தியபோது, கூட்டுத்தொகை மாறவில்லையே என்றார் கணித ஆசிரியர்.

ஆரை வெல்லப் போகிறீர்கள் என்ற கேள்விக்கு ஆசிரியர் கண்ட விடையும் அதுவேயாகலாம். வெல்வதற்கு எவரும் அங்கில்லை, தவறவிடக்கூடாதவர்களே இருக்கின்றனர். முதுமை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கேட்கும்போது எதைக் கொடுப்பது, எதைக் கொடாது வைத்துக்கொள்வது என்று தெரிந்திருத்தலே அளவறிதல். வேகத்தைக் கொடுத்துவிடலாம், தூரத்தைக் கொடுத்துவிடலாம், ஓட்டத்திற் பத்து நிமிடங்களையும் கொடுத்துவிடலாம். மூச்சுத் தடையின்றி ஒரு முழு வசனத்தைச் சொல்லும் ஆற்றலையும், அதனைக் கேட்கும் செவியையும் இயன்றவரையில் காத்துக்கொள்ள வேண்டும். அவ்விரண்டும் உள்ளவரை, எவ்வளவு மெதுவாகச் சென்றாலும், அதற்கு ஓட்டம் என்றே பெயர்.